நாய்க்கு மொட்டை நேர்ந்தது யார்?

சித்திரை வெயில் ஏறியதும் எங்கள் தூத்துக்குடியில் மொட்டைகள் கூடிவிடும். திருச்செந்தூருக்குப் போய் முடி இறக்கிச் சந்தனம் பூசி வரும் மொட்டைகளைச் சொல்லவில்லை. அது வேண்டுதல். நான் சொல்வது, மாலையில் ரோச் பூங்காப் பக்கம் சங்கிலியில் நடந்து வரும் மொட்டைகளை.

போன வாரம் அப்படி ஒன்று எதிரே வந்தது. வால் நுனியில் ஒரு குஞ்சம், தலையில் கொஞ்சம் முடி. மற்றபடி தோல் தெரிய மழித்த உடம்பு. முகத்தை உற்றுப் பார்த்த பிறகுதான் அது எங்கள் அடுத்த தெரு வெள்ளைச் சடைநாய் என்று தெரிந்தது. பிடித்து வந்த தம்பியிடம் ஏன் இப்படி என்று கேட்டேன்.

"வெயிலு தாங்காதுல்லா சார். கம்பளியச் சுத்திக்கிட்டு கெடக்கு, பாவம். அதான் மொட்டை போட்டாச்சு" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்போடுதான் எனக்குச் சண்டை. ஏனென்றால் அதே அன்பில் அதே தவறை நானும் செய்திருக்கிறேன்.

1989இல் பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் ஒரு வெள்ளைக் குட்டி வாங்கினேன். எல்லோரும் பொமரேனியன் என்றார்கள். நம் நாட்டில் அந்தப் பெயரில் வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ்தான். 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் கலக்கிய டஃபி இருக்கிறதே, அந்த வகை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த திமிரில் நான் அதற்கு 'நேழ்' என்று பெயர் வைத்தேன். பனி என்று பொருள். பனிமய மாதா ஊருக்குப் பொருத்தமாக இருக்கட்டுமே என்ற நினைப்பு. பிள்ளைகள் வாயில் அது நுழையவில்லை. ஒரே வாரத்தில் 'நேசன்' ஆகிவிட்டது.

நேசனுக்கு ஐந்தாம் மாதம் முடி கொட்டத் தொடங்கியது. பஞ்சுப் பொதியாக வந்த குட்டி சீக்குக் கோழி போல ஆனது. என் மனைவி தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார். பிறகுதான் தெரிந்தது, அது நோயே இல்லை. குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் பருவம். இந்த வகை நாய்களுக்கு நாலாம் மாதம் வாக்கில் தொடங்கிப் பத்து மாதம் வரைகூட இழுக்கும். அந்த நாட்களில் எந்த ஸ்பிட்ஸும் அழகாக இராது. பொறுத்திருந்தால் அடியில் மெத்தென்ற குறுமுடியும், அதன் மேல் நீண்ட தடித்த முடியுமாக இரண்டு அடுக்கு வந்து சேரும். நேசனுக்கும் வந்தது. தெருவே நின்று பார்த்தது.

அதை நானே கெடுத்தேன். 1991 அக்கினி நட்சத்திரத்தில் அது மூச்சிரைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், ஆள் வைத்துத் தோல் வரை வழித்துவிட்டேன். பழக்கம் விடாமல் அது முற்றத்து வெயிலில் போய்ப் படுத்தது. நாலே நாளில் முதுகு சிவந்து தோல் உரிந்தது. கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த டாக்டர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "குடையைப் பிடுங்கிட்டு வெயில்ல நிறுத்திட்டீங்களே, சார்" என்றார். அவ்வளவுதான். தோல் ஆறியது. முடி சரியாக வரவில்லை. இடுப்பிலும் தொடையிலும் திட்டுத் திட்டாக வெற்றிடம். இரண்டு வருடம் கழித்தும் அந்தப் பழைய நேசன் திரும்பவில்லை. பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் வெயில் மேல் பழியைப் போட்டேன். வெயில் என்ன செய்யும்?

திருச்செந்தூரில் இறக்கிய முடி நமக்கு ஆறு மாதத்தில் சீவும் அளவுக்கு வந்துவிடும். இரட்டை அடுக்கு நாய்க்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதன் முடி ஓர் அளவுக்கு வளர்ந்து, நெடுநாள் அப்படியே நின்று, பிறகு உதிர்ந்து, புதிது முளைக்கும். நின்றுபோன கட்டத்தில் வழித்தால், மறுபடி எப்போது முளைக்கும் என்பது அதனதன் உடம்பைப் பொறுத்தது. சிலவற்றுக்கு ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். சிலவற்றுக்கு முன்போல வருவதே இல்லை.

கம்பளி வாதத்துக்கு வருகிறேன். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், சட்டையைக் கழற்றினால் காற்றுப் பட்டுக் குளிரும். நாய்க்கு வியர்வை பாதத்தில்தான். அது சூட்டைத் தணிப்பது நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதால். தோலை வெளியே காட்டினால் அதற்கு நம்மைப் போல் குளிராது. சுள்ளென்ற வெயில்தான் நேரே தோலில் இறங்கும். உதிர்ந்த அடிமுடியைச் சீவி எடுத்துவிட்டால் மீதி முடிக்குள் காற்று ஓடும். சீவாமல் விட்டால் அது திரண்டு அடைத்துக்கொள்ளும். ஆக, குற்றவாளி முடி அல்ல. சீவாத கை.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மடகாஸ்கர் தீவில் துலேயார் என்று ஒரு துறைமுகம். அதுவும் நம்மூர் போல வெயில் ஊர். அங்கே உருவான வெள்ளைச் சடைநாய்க்கு 'கோத்தோன் த துலேயார்', அதாவது துலேயார் பஞ்சு என்றே பெயர். 1970இல் உலக நாய் வளர்ப்போர் கூட்டமைப்பின் அங்கீகாரமும் கிடைத்தது. வெயில் துறைமுகத்தில் சடைநாய் இருக்கவே முடியாது என்பவர்கள் இதை யோசிக்கட்டும்.

"பிரெஞ்சுக்காரன்தானே நாய்க்கு முடிவெட்டப் பழக்கினான்?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. பாரிஸில் போன் நெஃப் பாலத்தருகே நாய்க்கு முடி வெட்டுவதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அவர்கள் கைக்குப் பேர்போனது பூடில். அதன் முடி நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், வெட்டித்தான் ஆகவேண்டும். ஷிட்சூ, லாசா ஆப்சோவும் ஏறக்குறைய அந்தக் கணக்கே. அவற்றைக் கத்தரியால் ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை விட்டு ஒழுங்காக வெட்டிக்கொள்ளலாம், தவறில்லை. ஸ்பிட்ஸ், பொமரேனியன், கோல்டன் ரிட்ரீவர் வேறு கணக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே மெஷினைப் போடுவதுதான் அநியாயம். தோல் நோய்க்கோ, பிரிக்கவே முடியாத சிக்குக்கோ டாக்டர் வழிக்கச் சொன்னால் அது வைத்தியம். அதை நான் குறை சொல்லவில்லை.

நம் ஊரில் சிக்கு சீக்கிரம் விழும். உப்புக் காற்று, புழுக்கம், போர் தண்ணீர். காதுக்குப் பின்னால், கக்கத்தில், பட்டைக்கு அடியில், வாலடியில், பின்தொடையில் முதலில் திரளும். உள்ளே ஈரம் தங்கித் தோல் புண்ணாகும். உண்ணி குடியேறினால் உண்ணிக் காய்ச்சல் வரை போகும். மேலாக வருடுவது சீவல் ஆகாது. ஒரு கையால் முடியைத் தூக்கி, பாகம் பாகமாகப் பிரித்து, தோல் தெரியும் வரை கம்பிச் சீப்பு போகவேண்டும். ஸ்பிட்ஸுக்கு வாரம் மூன்று நாள், கால் மணி நேரம். நீள முடி வைத்த ஷிட்சூவுக்குத் தினமும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுங்கள், நனைந்தால் சிக்கு இறுகும். கடற்கரைக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, அடிமுடி வரை காயவிடுங்கள். நம் சோப்பும் ஷாம்பூவும் நாய்த் தோலுக்கு ஆகாது.

தயிர்சோறும் பாலும் மட்டுமே போட்டுவிட்டு முடி மினுமினுக்கவில்லை என்பவர்களும் உண்டு. முடி என்பதே புரதம். முட்டை, முள் நீக்கி உப்பும் காரமும் சேர்க்காமல் அவித்த சாளை மீன் போதும். கருவாடு வேண்டாம்.

இனி விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் விதியை எடுத்துப் படித்தேன். ஐந்தாம் மாதம் முடி கொட்டும், பயப்படாதே என்று சொல்லி விற்கும்படி எந்த விதியும் சொல்லத் தேவையில்லை, அது மனசாட்சி. அதைச் சொல்லாததால் எத்தனை குட்டிகள் 'சீக்கு நாய்' என்று தெருவில் விடப்படுகின்றன! முடியே உடம்போடு ஒட்டிப்போய்க் கடற்கரைச் சாலையில் திரியும் சடைநாயைப் பார்க்கும்போதெல்லாம், அதன் குட்டிப் படம் யாரோ ஒருவர் கைப்பேசியில் இன்னும் இருக்கும் என்று தோன்றுகிறது. இந்தக் கடலில் முத்துக் குளித்த காலத்தில் பாரில் மாதிரிச் சிப்பி எடுத்துச் சோதித்து, முற்றியிருந்தால்தான் குளிப்பு அறிவிப்பார்கள். அந்தப் பொறுமையில் கால்வாசி போதும் ஒரு குட்டிக்கு.

சீவ நேரமில்லை என்பவர்கள் சடைநாய் வாங்காதீர்கள். கையெட்டும் தூரத்தில் கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னி இருக்கிறது, விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை இருக்கிறது. படிய ஒட்டிய குட்டை முடி, இந்த மண்ணின் வெயிலுக்கென்றே பிறந்தவை. ஓடத்தான் இடம் வேண்டும். அதுவும் முடியாதென்றால் தெருவில் நிற்கும் நம் நாட்டு நாய்க்கு ஒரு பெயர் வையுங்கள்.

அந்தத் தம்பியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. முடி வரும் வரை வெயிலில் விடாதீர்கள், காலை ஏழுக்கு முன்னும் பொழுது சாய்ந்தும் மட்டும் நடத்துங்கள், ஃபேன் அடியில் படுக்க விடுங்கள் என்றேன். மறுநாள் பரணிலிருந்து நேசனின் கம்பிச் சீப்பைத் தேடி எடுத்துக் கழுவி, அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இப்ப சீவ முடி இல்லையே சார்" என்று சிரித்தார்.

வரும், வைத்திருங்கள் என்றேன். வரவேண்டுமே என்றிருக்கிறது.