லெதர் பந்து பள்ளிக்குள் வரட்டும்

பொங்கல் நெருங்கினால் தருமபுரி–பென்னாகரம் சாலை நெடுக ஃபிளெக்ஸ் முளைக்கும். 'மாபெரும் கிரிக்கெட் போட்டி'. முதல் பரிசு எவ்வளவு, உபயம் யார், நுழைவுக் கட்டணம் என்ன, எல்லாம் அதில் இருக்கும். இண்டூர் வட்டாரத்தில் கிரிக்கெட்டுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம், அரசுப் பள்ளி மைதானத்தில் முறையாக நடக்கும் கிரிக்கெட்டுக்குத்தான்.

நம் பிள்ளைகள் ஆடுவது டென்னிஸ் பந்தில். அதன் எடை 60 கிராம்கூட இராது. ஆண்கள் கிரிக்கெட்டின் லெதர் பந்து ஏறக்குறைய 156 கிராமுக்குக் குறையாது. அதன் தையலும் ஸ்விங்கும் வேறு உலகம். அணித் தேர்வுக்குப் போகிற அன்றுதான் அதை முதன்முதலாகத் தொடும் பையன் என்ன செய்வான்? பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கே லெதர் பந்து கைக்கு வர ஏறக்குறைய 20 வயதானது. அவர் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானதைக் கொண்டாடுகிறோம். அந்த இழந்த ஆண்டுகளை யார் கணக்கெடுத்தார்கள்?

இங்கிலாந்திலும் அரசுப் பள்ளிகளில் கிரிக்கெட் தேய்ந்து, கட்டணப் பள்ளிகளின் சொத்தாகிப் போயிருந்தது. 2005-இல் தொடங்கிய 'சான்ஸ் டு ஷைன்' அமைப்பு உள்ளூர் கிளப்புகளைப் பள்ளிகளோடு இணைத்தது. பயிற்சியாளர் பள்ளிக்கு வந்தார். பிள்ளைகள், பெண் பிள்ளைகளும்தான், மாலையில் கிளப்புக்குப் போனார்கள். இங்கும் அதைச் செய்யலாம். நம் ஊர் கிளப்புக்குக் கட்டடம் கிடையாது. பெயரும் ஜெர்சியும் வாட்ஸ்அப் குழுவும் உண்டு; ஞாயிறு தவறாமல் ஆடும் பழக்கமும் உண்டு. அது போதும்.

முதலமைச்சர் கோப்பை இருக்கிறதே என்பார்கள். நல்லதுதான். ஆனால் அது சில நாள் திருவிழா. தோற்றால் அன்றே பஸ் ஏற வேண்டியதுதான். ஆட்டக்காரனை உருவாக்குவது வாராவாரம் நடக்கும் லீக்.

வெளியாட்களை வளாகத்துக்குள் விடத் தலைமையாசிரியர்கள் தயங்குவது நியாயமே. பள்ளி மேலாண்மைக் குழு ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் வரட்டும், பி.டி. சார் உடனிருக்கட்டும். கபடிக்கு ஆபத்து என்றும் சிலர் சொல்வார்கள். வாரத்தில் இரண்டு மாலைகளைத்தான் கேட்கிறோம். கபடி அதற்கெல்லாம் அசையாது.

மேட், பேட், பேடு, ஹெல்மெட், அம்பயர் ஆகியவற்றுக்கு மாவட்ட கிரிக்கெட் சங்கமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பொறுப்பேற்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் லெதர் பந்தை ஒரு பிள்ளையிடமும் தரக்கூடாது. லீக் தொடங்க இண்டூர், பாப்பாரப்பட்டி, பென்னாகரம், நல்லம்பள்ளி என நான்கு ஊர்ப் பள்ளிகள் போதும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஆட்ட அட்டவணை அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும்.