ஓடியவரே அளந்தார்

விளையாட்டுக்கும் கலாநிதிப் பட்டமா என்று சிரிப்போர் நம்மிடையே உண்டு. அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் 1927 முதல் 1947 வரை, உடற்களைப்பை ஆராயவென்றே ஓர் ஆய்வுகூடம் இயங்கியது. அங்கிருந்த ஆய்வாளர்கள் பிறரை ஓடவிட்டுக் குறிப்பெடுத்ததோடு நிற்கவில்லை. தாமே ட்ரெட்மில்லில் ஏறி மூச்சிரைக்க ஓடினார்கள். தமது இரத்தத்தையும் சோதனைக்குக் கொடுத்தார்கள்.

அங்கே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்த சிட் ரொபின்சன், 1928 ஒலிம்பிக்கில் ஓடியவர். 6 வயதுப் பாலகன் முதல் 91 வயது முதியவர் வரை 93 ஆண்களை அவர் சோதித்தார். வாலிபம் கடந்தபின் உடல் உள்வாங்கும் ஒட்சிசனின் உச்ச அளவு வயதோடு குறைந்து செல்வதை 1938இல் வெளியிட்டார்.

தள்ளாத வயதினரை எவ்வளவு உழைக்க வைக்கலாம்? எந்த இடத்தில் 'போதும்' என்பது? கருவி எண்ணைத்தான் காட்டும். எதிரே நிற்பவரின் முகத்தை வாசிக்க, தானும் அந்தப் பட்டியில் மூச்சுத் திணறியிருக்க வேண்டும். இன்று கணினியே கணக்கெல்லாம் போட்டுத் தருகிறது, நல்லதுதான். ஆனாலும் பேராசிரியர்கள் புதிய ஆய்வு மாணவரை, உடல்நலம் இடங்கொடுத்தால், முதல் மாதமே அதில் ஏற்றிவிட வேண்டும் என்பேன். ரொபின்சன் பின்னர் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்; அவரிடமும் மாணவர்கள் வந்தார்கள்.