வாசலில் காவல் போட்டாயிற்று, தடுத்ததைப் பார்ப்பது யார்?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வேலைப் பயிற்சிக்குச் சென்ற சிறிய நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, மின்னஞ்சல் சர்வருக்கு முன்னால் ஒரு ‘மெயில் கேட்வே’ அமைக்க உதவுவது.

கொண்டோமினியம் வாசலில் இருக்கும் காவலர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் எம்எக்ஸ் பதிவை கேட்வேயின் பெயருக்கு மாற்றிவிட்டால், வெளியிலிருந்து வரும் மடல்கள் முதலில் அங்கேதான் இறங்கும். அந்த முகவரியின் பெயரில் அனுப்ப அந்தச் சர்வருக்கு அனுமதி உண்டா என்று எஸ்பிஎஃப் வழியாகச் சரிபார்க்கும். இணைப்பில் வைரஸ் உள்ளதா என்று கிளாம்ஏவி தேடும். ஸ்பேம்அசாசின் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் மதிப்பெண் போடும். வழக்கமான அமைப்பில் கூட்டுத்தொகை 5ஐ எட்டினால் அது குப்பை மடல். (நமக்கு மதிப்பெண் குறைந்தால் கவலை, இங்கே கூடினால் கவலை!)

அமைத்து இரண்டு நாளாகியும் குப்பை வருவது நிற்கவில்லை. தவறு எங்களுடையதே. பழைய சர்வரின் 25ஆம் போர்ட் இணையத்துக்குத் திறந்தே கிடந்தது. அதன் முகவரியை முன்பே அறிந்தவர்கள் காவலரைச் சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாக நுழைந்தார்கள். கேட்வேயிடமிருந்து வருவதை மட்டும் ஏற்கும்படி ஃபயர்வாலை மாற்றிய பிறகே அடங்கியது.

எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். எனக்கு உறுத்தியது வேறொன்று. தடுக்கப்பட்ட மடல்கள் ஒரு தனிப் பெட்டியில் ஏழு நாள் இருந்து, பிறகு தாமாகவே அழிந்துவிடும். அதைத் திறந்து பார்க்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. ஆறாம் நாள் நானாகப் பார்த்தபோது, விளம்பரக் குப்பைக்கு நடுவே ஒரு மாணவியின் வேலைப் பயிற்சி விண்ணப்பம் கிடந்தது. தலைப்பு இல்லை, உள்ளே ஒரு வரிகூட இல்லை, ‘ஸிப்’ கோப்பு மட்டும். இயந்திரம் சந்தேகப்பட்டதில் தப்பில்லை.

கேட்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; கட்டாயம் வேண்டும். ஆனால், அதை வாங்கும் நாளிலேயே, தினமும் பத்து நிமிடம் அந்தப் பெட்டியைப் பார்ப்பவர் யார் என்பதையும் முடிவுசெய்ய வேண்டும். விண்ணப்பிக்கும் நாமும் தலைப்பு எழுதி, நான்கு வரி அறிமுகம் சேர்த்து, சுயவிவரத்தைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்பலாமே? பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுத்தருகிறார்கள். இதையும் சேர்த்துச் சொல்லித்தரலாம்.

அந்த மடலை விடுவித்து மேலாளரிடம் காட்டினேன். அவர் அன்றே பதில் அனுப்பினார். அந்த மாணவி முதல்நாள்தான் வேறோர் இடத்துக்குச் சம்மதம் சொல்லியிருந்தார்.