பாலம் கண்டியில், முதலை புளோரிடாவில்

கண்டிக்கு வரும் உல்லாசப் பயணிகளில் சிலர், தலதா மாளிகையைப் பார்த்து முடித்ததும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். இந்தியானா ஜோன்ஸ் ஓடிய அந்தக் கயிற்றுப் பாலம் எங்கே? முச்சக்கர வண்டிக்காரர் ஒரு பதில் சொல்வார், விடுதிக்காரர் வேறொன்று சொல்வார். படம் முழுவதும் இங்கேதான் எடுத்தார்கள் என்பார் ஒருவர். முதலைகள் மகாவலியில் பிடிக்கப்பட்டவை என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. பாலம் இன்னும் இருக்கிறது, கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கிளம்பினால் மட்டும் நம்ப வேண்டாம். அது உடைப்பதற்காகவே கட்டப்பட்டது; உடைக்கப்பட்டும் விட்டது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட ஒரு படப்பிடிப்பைப் பற்றி இவ்வளவு கதைகள் உலவுவதால், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒருமுறை நிதானமாகப் பிரித்துச் சொல்வது நல்லது.

படம், 1984இல் வெளியான ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒவ் டூம்’. கதை ஜோர்ஜ் லூக்காஸ், இயக்கம் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க். ஒருவர் ‘ஸ்டார் வோர்ஸ்’ எடுத்தவர். மற்றவர் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் ‘ஈ.டி.’யைத் தந்தவர். விண்வெளிக் கதைகளால் உலகத்தைக் கட்டிப்போட்ட இருவர், 1935இல் நடப்பதாகச் சொல்லப்படும் ஒரு சாகசக் கதைக்காக மலைநாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். படத்தின் தொடக்கத்தில் வரும் ஷங்ஹாய் இரவு விடுதிக்கு ‘ஒபி வான்’ என்று ‘ஸ்டார் வோர்ஸ்’ பாத்திரத்தின் பெயரை வைத்திருப்பதைக் கவனித்தவர்களுக்கு, இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பது விளங்கும்.

கண்டி அவர்களுடைய முதல் தெரிவு அல்ல. கதை வட இந்தியாவில் நடக்கிறது. ஜெய்ப்பூரின் ஆம்பேர் கோட்டையிலும் வட இந்தியப் பகுதிகளிலும் எடுக்கத்தான் முதலில் திட்டமிட்டார்கள். இந்திய அரசாங்கம் திரைக்கதையைக் கேட்டு வாங்கிப் படித்தது. மாற்றங்கள் வேண்டும் என்றது. ‘மகாராஜா’ என்ற சொல் வரக்கூடாது என்றது. இறுதி வடிவத்தை அங்கீகரிக்கும் உரிமையையும் கேட்டது. தயாரிப்பாளர்கள் உடன்படவில்லை, இலங்கைக்கு வந்துவிட்டார்கள். இந்தியாவின் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. குரங்கின் மூளையையும் உயிருள்ள பாம்புக் குட்டிகளையும் அரண்மனை விருந்தில் பரிமாறுவதாகக் காட்டி, காளி வழிபாட்டை நரபலிக் கூட்டத்தின் கொடூரமாகச் சுருக்கிய படம் அது. இந்தியாவில் அது தடைக்கும் உள்ளானது. அந்தக் காட்சிகளை நம்மவர்கள் பலர் இன்றும் முகம் சுளித்துத்தான் பார்க்கிறார்கள். சுளிப்பதே சரி. ஆனால் அந்த விருந்து இங்கே நடக்கவில்லை. அரண்மனையின் உட்புறம், பலிக் குகை, சுரங்கம் எல்லாம் லண்டனுக்கு அருகில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் போடப்பட்ட செட்டுகள்.

அப்படியானால் கண்டியில் எடுத்தது என்ன?

1983 ஏப்ரல் 18ஆம் திகதி படப்பிடிப்பு தொடங்கியதே கண்டியில்தான். மூன்று விடயங்களுக்காக வந்தார்கள்: கிராமம், காடு, பாலம். வறண்டு கிடக்கும் மாயாபூர் கிராமத்தை, கண்டி நகருக்குத் தெற்கே ஹந்தானைத் தேயிலை மலையில் அமைத்தார்கள். கதாநாயகர்கள் பனிமலையில் விழுந்து ரப்பர் படகில் ஆற்றோடு அடித்துக்கொண்டு வருகிறார்களே, அந்தச் சீறும் ஆறு கலிபோர்னியாவில் ஓடுவது. கிராமத்துக்குள் அவர்கள் கால் வைக்கும்போதுதான் நம் மலைகள் தெரியத் தொடங்கும். தூரத்து மலை உச்சியில் தெரியும் பாங்கோட் அரண்மனையை ஹந்தானையிலோ வேறெங்கோ தேடிப் பயனில்லை. அது ஓவியர் கையால் தீட்டப்பட்டுக் காட்சியோடு ஒட்டப்பட்டது. கணினி வரைகலை பரவாத காலத்தில் இதுதான் வழக்கம்.

கிராமத்து மூத்த பூசாரியாக வந்து, பறிபோன புனிதக் கல்லையும் பிள்ளைகளையும் மீட்டுத் தரும்படி கேட்கும் அந்த முதியவரை மறக்க முடியாது. அவர் டி. ஆர். நாணயக்கார, சிங்களத் திரையின் பெரிய நடிகர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கெமராவுக்கு அப்பால் நின்று ஸ்பீல்பேர்க் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுக்க, அவர் அதை ஒலியாகவே வாங்கித் திருப்பிச் சொன்னார். ஸ்பீல்பேர்க் எங்கே நிறுத்தினாரோ, மூச்சு வாங்கினாரோ, அங்கே அவரும் நிறுத்தினார். இப்போது அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். வாக்கியத்தின் நடுவில் விழும் அந்த மௌனங்கள், தெய்வ வாக்கு சொல்பவருக்கு உரிய கனத்தோடு விழுகின்றன. மொழி தெரியாமையை ஒரு தேர்ந்த நடிகர் எப்படிப் பாத்திரமாக மாற்றினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இருக்க முடியாது. கிராமத்துப் பெண்களில் ஒருவராக வருபவர் இராங்கனி சேரசிங்க. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ (1956) படத்தில் நாணயக்காரவோடு நடித்தவர். கிராமத்தார் தமக்குள் பேசுவது சிங்களம். வட இந்தியக் கிராமத்தில் சிங்களம் எப்படி வந்தது என்று உலக ரசிகர்கள் கேட்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

காட்டுக் காட்சிகளில் யானைகள். யானைச் சவாரி, இந்தியானாவாக நடித்த ஹரிசன் ஃபோர்டின் முதுகைப் பதம் பார்த்தது உண்மை. ஆனால் அவரைப் படுக்கையில் தள்ளிய முள்ளந்தண்டுக் காயம் முற்றியது லண்டனில், அரண்மனைப் படுக்கையறைச் சண்டையை எடுத்தபோது. ஜூன் மாதம் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தார்கள். அவர் இல்லாத ஐந்து வாரங்களில் திரையில் அவராக ஓடியவர் சண்டைக் கலைஞர் விக் ஆர்ம்ஸ்ட்ரோங். எனவே “யானை தள்ளி விழுந்தார்” என்ற கண்டிக் கதையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

யானை செய்த இன்னொரு காரியம் முழு உண்மை. கதாநாயகி கேட் காப்ஷோ அணிந்திருந்த சிவப்பும் பொன்னும் மின்னும் ஆடை, பழைய காலத்து அசல் மணிகளையும் சரிகை வட்டுகளையும் கோர்த்துத் தைக்கப்பட்டது. கிடைத்த மணிகள் ஒரு ஆடைக்குத்தான் போதுமாயிருந்தன. காட்டுக் காட்சியில் அதை ஒரு கிளையில் காயப்போட்டிருக்க, பக்கத்தில் நின்ற யானை அதன் பின்புறத்தைத் தின்னத் தொடங்கிவிட்டது. ஆடை வடிவமைப்பாளர் அந்தனி பவல் அதைத் திருத்தி எடுத்ததோடு, காப்புறுதிப் படிவத்தில் சேதத்துக்கான காரணமாக யானை தின்றது என்றும் எழுத வேண்டி வந்தது. மலைப்பாம்பு ஒன்றும் காப்ஷோ மேல் ஏற இருந்தது. அவர் நடுங்கிப் போனதைப் பார்த்து ஸ்பீல்பேர்க் அந்தக் காட்சியையே கைவிட்டார். 1991இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

இனிப் பாலம். இதற்கு இரண்டு பத்தி தேவை.

அந்த ஆண்டுகளில் துரித மகாவலித் திட்டத்தின் கீழ் விக்டோரியா அணைக்கட்டு எழும்பிக்கொண்டிருந்தது. 122 மீற்றர் உயரமான வில் வடிவ அணை, பிரித்தானிய உதவியில், பிரித்தானிய நிறுவனமான பல்ஃபர் பீற்றியின் பொறியியலாளர்கள் கட்டியது. ஆழமான ஒரு பள்ளத்தாக்குக்குக் குறுக்கே தொங்குபாலம் வேண்டும் என்று படக்குழு தேடியபோது, மலையைத் துளைக்கவும் உருக்குக் கம்பி இழுக்கவும் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்களே பாலத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். கீழே சுமார் 300 அடி ஆழம். பார்வைக்குக் கயிறும் பலகையும்; உள்ளே சுமை தாங்கியது உருக்குக் கம்பி வடம். ஃபோர்ட் அதன் மேல் ஒரே ஓட்டமாக ஓடிக் காட்டினார். உயரம் என்றால் பயப்படும் ஸ்பீல்பேர்க் அதில் கால் வைக்கத் துணியவில்லை. அடுத்த முனைக்குப் போக வேண்டிய ஒவ்வொரு தடவையும் வாகனத்தில் சுற்றுப் பாதையால் போனார்.

பாலம் அறும் காட்சிக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. பல கெமராக்களை வெவ்வேறு கோணங்களில் வைத்து, வடங்களில் வெடிமருந்து பொருத்தி, ஒரே தடவையில் அறுத்தார்கள். அப்போது பள்ளத்தாக்கில் கைகால் உதைத்துக்கொண்டு விழுபவர்கள் மனிதர்கள் அல்லர்; உள்ளே இயந்திரம் பொருத்திய பொம்மைகள். அந்தக் கால் உதறலுக்காகவே மோட்டார் வைத்திருந்தார்கள். அறுந்த பாலம் செங்குத்தாகத் தொங்க, அதில் இந்தியானாவும் அம்ரிஷ் பூரி நடித்த வில்லன் மோலா ராமும் ஏணிபோல் ஏறிச் சண்டை போடுவது எல்ஸ்ட்ரீயில் கட்டிய பாறைச் சுவரில். கீழே வாய் பிளந்து காத்திருப்பவை புளோரிடாவில் படமாக்கப்பட்ட அலிகேற்றர்கள். நம் ஆறுகளில் உள்ள முதலை இனமே அல்ல. ஆக, திரையில் சில நிமிடங்களுக்குள் நாம் மூன்று நாடுகளைக் கடந்துவிடுகிறோம். வெட்டு எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், அதுதான் படத்தொகுப்பின் வெற்றி.

மலைநாட்டை அண்டிய பகுதியில் ஹொலிவூட் கட்டி உடைத்த முதல் பாலமும் இதுவல்ல. களனி கங்கையில், கித்துல்கலவில், ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காக மெய்யான மரப் பாலம் கட்டி, 1957இல் மெய்யான ரயிலோடு தகர்த்தார்கள். இரண்டு பாலங்களையும் குழப்பிக்கொண்டு, விக்டோரியாப் பக்கம் போய் ரயில் எங்கே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கண்டிப் பாலத்துக்கு வேறொரு பெருமை உண்டு. 1985 ஒஸ்கார் விழாவில் சிறந்த காட்சி விளைவுகளுக்கான விருதை இந்தப் படம் பெற்றது. விருது பெற்ற நால்வரில் ஒருவர் ஜோர்ஜ் கிப்ஸ். படத்தின் இயந்திர விளைவுகளுக்குப் பொறுப்பாயிருந்தவர். அதே பிரிவில் போட்டியிட்ட படங்களில் ஒன்று விண்வெளிப் படமான ‘2010’. அதன் மூலக்கதையை எழுதியவர் கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். திரைக்கதை உருவானபோது, அவர் கொழும்பிலிருந்தும் இயக்குநர் பீற்றர் ஹையம்ஸ் அமெரிக்காவிலிருந்தும் கணினியைத் தொலைபேசி இணைப்பில் பொருத்தி அன்றாடம் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். அந்த இரவில் வென்ற படத்துக்கும் தோற்ற படத்துக்கும் இந்தத் தீவில் ஒரு வேர் இருந்தது. இந்தியானா படத்தில் நடிக்கக் கண்டிக்கு வந்திருந்த பதினொரு வயதுச் சிறுவன், வியட்நாமிலிருந்து அகதியாக அமெரிக்கா சென்ற கே ஹுவி குவான், 2023இல் ஒரு அறிவியல் புனைவுப் படத்துக்காகத் தானும் ஒஸ்கார் வாங்கினார்.

இந்தக் கதையில் இங்குள்ளவர்களின் பெயர்கள் குறைவாகவே பதிவாகியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது. இலங்கைப் படப்பிடிப்பு வேலைகளை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் திரைப்படக்காரர் சந்திரன் ரத்தினம் என்பது தெரிந்த செய்தி. பலகை சுமந்தவர்கள், யானைப்பாகர்கள், சமையல்காரர்கள், கிராமத்தாராக வெயிலில் நின்றவர்கள் யார் யார்? மறதிக்குக் காரணமும் இருக்கிறது. படக்குழு இங்கே வேலை செய்த அதே ஆண்டின் ஜூலையில் நாடு எரிந்தது. 26ஆம் திகதி கண்டி நகரிலும் தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள், ஏப்ரலில் எடுத்த புகைப்படத்தைப் பத்திரப்படுத்தியிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பின்னர் விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பிப் பழைய தெல்தெனிய நகரமும் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் மட்டும் அதன் இடிபாடுகள் வெளியே தெரிகின்றன.

அந்தப் படப்பிடிப்பில் இருபது வயதில் வேலை செய்தவர் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். ஹந்தானையிலோ திகனவிலோ தெல்தெனியவிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். எந்த இடம், என்ன வேலை, கூட நின்றவர்கள் யார், என்ன சம்பளம் என்று அவர் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். அலுமாரியில் பழைய படம் ஏதும் இருந்தால் அதன் பின்புறம் பெயர்களைக் குறித்து வைத்து, ஒரு பிரதியைப் பக்கத்து நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.