தனிக்குடித்தனம் போன பிள்ளைகள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டாள்: “சித்தி, உங்க பேண்ட்ல இப்ப எத்தனை பேரு இருக்காங்க?” ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவள் விளையாட்டாகக் கேட்ட கேள்வி. நான் பதில் சொல்லி முடித்தபோது ரசம் ஆறிப்போயிருந்தது. விரலில் சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. “இவ்ளோ கோவமா சித்தி?” என்றாள். ஆமாம், பத்து வருடக் கோபம்.

‘உங்க பேண்ட்’ என்று அவள் சொல்வது ஒன் டைரக்ஷன். 2010-ல் இங்கிலாந்தின் ‘தி எக்ஸ் ஃபேக்டர்’ பாட்டுப் போட்டிக்கு வந்த ஐந்து பையன்கள். ஹாரி ஸ்டைல்ஸ், ஸெய்ன் மாலிக், நயல் ஹோரன், லியம் பெய்ன், லூயி டாம்லின்சன். ஐந்து பேருமே தனித்தனியாகப் பாட வந்தவர்கள். தனியாகத் தேறமாட்டார்கள் என்றுதான் போட்டி நடத்தியவர்கள் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். கடைசியில் கிடைத்தது மூன்றாம் இடம். ஆனால் அடுத்த ஐந்து வருடத்தில் வருடத்துக்கு ஒன்றாக ஐந்து ஆல்பம் போட்டார்கள். முதல் நான்கும் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் நுழைந்த வாரமே முதலிடம். அதற்கு முன் எந்தக் குழுவும் அப்படிச் செய்ததில்லை. 2015-ல் சிங்கப்பூர் வரைக்கும் வந்து பாடிவிட்டுப் போனார்கள். இந்தியாவுக்கு வரவே இல்லை. அது தனிக் கோபம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் அப்போது திருச்சியில் இருந்தோம். பிரவுசிங் சென்டரில் நான்கு தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, பின்பக்கம் செலோடேப் போட்டு ஒரே படமாக்கி, அம்மாவின் இரும்பு பீரோ உள்கதவில் ஒட்டினேன். சுவரில் ஒட்டினால் அப்பா கிழித்துவிடுவார். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அம்மா, “கட்டின பொடவைய எடுக்கக்கூட இந்த அஞ்சு தடிப்பசங்க முன்னாடி நிக்கணுமா” என்று முனகுவாள். ஆனால் கிழிக்கவில்லை.

அந்த ஐந்து பேரில் எனக்குப் பிடித்தவன் லூயி. என் ஜாதகம் அப்படி. வகுப்பில் பாதிப் பேருக்கு ஹாரி, மீதிப் பேருக்கு ஸெய்ன். லூயிக்குப் பாட்டில் தனியாகக் கிடைப்பது இரண்டு வரி. பெரிய உச்ச ஸ்தாயியெல்லாம் மற்றவர்களுக்கு. ஆனால் பின்னாளைய ஆல்பங்களின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பாட்டை எழுதியவர்கள் பெயரில் அவன் அடிக்கடி வருவான். கூட்டுக்குடும்பத்தில் அடுப்படியில் நிற்கிற மருமகள் மாதிரி.

2015 மார்ச் 25. கல்லூரி விடுதியில் இருந்தேன். ராத்திரி, அறையில் ஒருத்தி போனைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். வீட்டில் யாருக்கோ ஆகிவிட்டது என்று வார்டன் ஓடிவந்தார். ஸெய்ன் குழுவைவிட்டுப் போய்விட்டான் என்று அவருக்கு யார் சொல்வது? 22 வயதுப் பையன்கள் எப்படி இருப்பார்களோ அப்படி, வெளிச்சம் படாமல், நிம்மதியாக இருக்க ஆசைப்படுகிறேன் என்று அறிக்கை. சரி, பாவம், களைத்துப்போயிருப்பான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டோம். நான்கு மாதத்தில் தனியாகப் பாட வேறொரு கம்பெனியோடு ஒப்பந்தம். முதல் தனி ஆல்பம் வந்த தேதி 2016 மார்ச் 25. வருஷாப்தீகம் மாதிரி, நாள் தவறாமல்.

பிள்ளை தனிக்குடித்தனம் போவது தப்பென்று நான் சொல்லவே இல்லை. ஐந்து பேரும் தனியாக வந்தவர்கள்தானே, தனியாகத்தான் போவார்கள். என் ஆத்திரமெல்லாம் போன பிறகு பேசுகிற பேச்சின் மேல். புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு, பழைய வீட்டுச் சாப்பாட்டில் உப்பே இருக்காது என்பது. அந்தக் குழுவின் பாட்டெல்லாம் நான் கேட்கிற ரகமே இல்லை என்று ஸெய்ன் பேட்டி கொடுத்தான். நீ கேட்கிற ரகம் இல்லையா? நான் பஸ் காசை மிச்சம் பிடித்து, நடந்து போய், ரீசார்ஜ் செய்து கேட்ட ரகமப்பா அது. மேடை ஏற நினைத்தாலே பதற்றம் வருகிறது என்று 2016-ல் அவன் வெளிப்படையாகச் சொன்னபோது மட்டும் என் கோபம் கொஞ்சம் இறங்கியது. அதைச் சொல்லத் தைரியம் வேண்டும். ஆனால் உப்பில்லாத சாப்பாட்டுப் பேச்சை இன்னும் மன்னிக்கவில்லை.

இவர்கள் எல்லோருக்கும் யாரோ ஒரே கதை வசனம்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். முதல் மாதம் தாடி. இரண்டாம் மாதம் கழுத்துவரை பச்சை குத்தல். பிறகு ஒரு ராப் பாடகரைக் கூட்டிக்கொண்டு ஒரு பாட்டு, இல்லையென்றால் கையில் கிதாரோடு மழையில் நின்று ஒரு பாட்டு. ‘இதுதான் உண்மையான நான்’ என்று பேட்டி. அப்படியானால் பீரோ கதவில் இத்தனை நாள் நின்றவன் யார்? பாட்டு ஓடவில்லையென்றால் டிவியில் நடுவர் நாற்காலி. அதுவும் சலித்தால் எல்லோரும் ஒன்றுசேர்ந்து மறுபடி ஒரு சுற்றுப்பயணம். டிக்கெட் விலை அப்போது பெண்ணாக இருந்து இப்போது அம்மாவானவர்களின் சம்பளத்தைக் கணக்குப் பண்ணி வைத்தது.

இங்கிலாந்தின் டேக் தட் குடும்பக் கதையைக் கேளுங்கள். வெறும் குழாயடிச் சண்டை. கேரி பார்லோ மூத்த பிள்ளை மாதிரி, பாட்டெழுதுவதே அவர்தான். ராபி வில்லியம்ஸ் கடைக்குட்டி, சேட்டைக்காரர். 1995 ஜூலையில் ராபி வெளியே போனார். 1996 பிப்ரவரி 13 அன்று மற்றவர்களும் கடையைக் கட்டினார்கள். அன்றைக்கு ராபிக்கு 22-வது பிறந்தநாள். அழுகிற ரசிகைகளுக்கு ஆறுதல் சொல்ல அந்த நாட்டில் தொலைபேசி உதவி எண்களைத் திறந்தார்கள். எங்கள் விடுதியில் எங்களுக்குக் கிடைத்தது வார்டனின் திட்டு. கேரிதான் தனியாகக் கொடிகட்டிப் பறப்பார் என்று ஊரே எழுதியது. முதல் தனிப் பாட்டு முதலிடத்துக்கும் போனது. பிறகு சரிவு. 1999-ல் வந்த இரண்டாம் ஆல்பம் படுத்துவிட்டது, கம்பெனி கைகழுவியது. கடைக்குட்டியோ ‘ஏஞ்சல்ஸ்’ பாடி எங்கேயோ போய்விட்டார். 2003-ல் நெப்வொர்த் மைதானத்தில் மூன்று ராத்திரியில் 3,75,000 பேர் கூடினார்கள். போகிற இடமெல்லாம் அண்ணனைக் கிண்டலடிப்பது வேறு. கேரி வீட்டுக்குள் முடங்கி, உடம்பு பெருத்து, வெளியே தலைகாட்டாமல் இருந்த வருடங்களை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். 2006-ல் ராபி இல்லாமல் மற்ற நான்கு பேரும் திரும்பிவந்தார்கள், பாட்டு முதலிடம். அதே வருடம் ராபியின் ஆல்பத்துக்குச் செம அடி. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தது மாதிரி இருந்தது எனக்கு. 2010-ல் ராபியும் வந்து சேர்ந்துகொண்டார், ஒரு வருடத்தில் மறுபடி கிளம்பினார். 2014-ல் இன்னொருவர் விலகினார். இப்போது மூன்று பேர்.

அமெரிக்காவின் என்சிங்க் கதை இன்னும் கூத்து. ஐந்து பேரில் ஜஸ்டின் டிம்பர்லேக் ஒருவர்தான் மேலே போனார். அவருக்குச் சமமாகப் பாடின ஜேசி ஷாசேயை இன்று யாருக்குத் தெரிகிறது? லான்ஸ் பாஸ் நிஜமாகவே மேலே போகப் பார்த்தார். 2002-ல் ரஷ்யாவில் விண்வெளிப் பயிற்சியை முடித்துவிட்டார். பணம் போடுவதாகச் சொன்னவர்கள் பின்வாங்கியதால் தரையிலேயே நின்றுவிட்டார். ஜோயி ஃபடோன் ஆர்லாண்டோவில் ஹாட்டாக் கடை போட்டார். என்னைக் கேட்டால் அந்த ஐவரில் மரியாதைக்குரிய வேலை அதுதான். பசித்தவனுக்குச் சாப்பாடு, பேட்டி கிடையாது.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஸெய்ன் போன பிறகு நான்கு பேர் ஒரு ஆல்பம் போட்டார்கள். 2016-லிருந்து ‘இடைவேளை’ என்றார்கள். கவனியுங்கள், பிரிகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. தியேட்டரில் இடைவேளை என்றால் பாப்கார்ன் வாங்கிவிட்டு, பாத்ரூம் போய்விட்டு வருகிற நேரம். பத்து வருடமாக நான் பாப்கார்னோடு வாசலில் நிற்கிறேன். விவாகரத்து என்று சொல்லிவிட்டால் பெண் பாவம் வேறு வழியைப் பார்ப்பாள். வெளியூர் போயிருக்கிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தால்?

ஹாரிக்கு என்ன குறை? 2017-ல் கிறிஸ்டோபர் நோலன் படத்தில் நடித்தான். ‘அஸ் இட் வாஸ்’ பாட்டு அமெரிக்காவில் 15 வாரம் முதலிடம். 2023-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி. அதை வாங்கிக்கொண்டு, என்னை மாதிரி ஆட்களுக்கு இதெல்லாம் அடிக்கடி நடக்காது என்றான். உன்னை மாதிரி ஆளுக்கு நடக்காமல் வேறு யாருக்குத் தம்பி நடக்கும்? போதாததற்கு நகப்பூச்சு வியாபாரம். நயல் சாது. கோல்ஃப் வீரர்களைக் கவனித்துக்கொள்ளும் நிறுவனம், டிவியில் நாற்காலி, நடுநடுவே நல்ல பாட்டு. ஒருத்தரையும் குறை சொல்லாத பிள்ளை. அதனாலேயே அவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

என் லூயி? 2016 டிசம்பரில் அவனுடைய அம்மா ரத்தப் புற்றுநோயில் இறந்தார். சில நாட்களில் அதே எக்ஸ் ஃபேக்டர் மேடையில் ஏறி முதல் தனிப் பாட்டைப் பாடினான். விடுதி அறையில் லேப்டாப்பைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து பார்த்தோம், ஒருத்தியும் பேசவில்லை. அதன்பிறகு முதல் ஆல்பம் வர 2020 ஜனவரி ஆகிவிட்டது. மார்ச்சில் சுற்றுப்பயணம் கிளம்பினான், கொரோனா வந்தது. கல்யாணம் நிச்சயம் பண்ணினால் மண்டபம் இடிந்து விழுகிற ராசி. 2022-ல் இரண்டாவது ஆல்பம் இங்கிலாந்தில் முதலிடம் வந்தபோது அலுவலகத்தில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தேன். “பொண்ணு பார்க்க வந்தாங்களா?” என்று கேட்டார்கள்.

இதில் நாங்கள் பட்ட பாடு தனி. விடுதித் தோழிகள் எட்டுப் பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். பையன்கள் பிரிந்தார்கள், குழுவும் பிரிந்தது. ஹாரி கட்சி, ஸெய்ன் கட்சி. யாருக்கு எத்தனை ஸ்ட்ரீம் என்று ஸ்கிரீன்ஷாட் போட்டுச் சண்டை. ஒருத்தி என் கல்யாணத்துக்கே வரவில்லை. ஐந்து பேரையும் சேர்த்துப் பிடித்ததால்தானே எட்டுப் பேரும் சேர்ந்தோம்? பாகப்பிரிவினையில் எங்களையும் பாத்திரபண்டம் மாதிரி பங்கு போட்டுவிட்டார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா மகள் சொன்னாள்: “எங்க ஆளுங்க அப்படி இல்ல சித்தி.” அவளுக்கு பிடிஎஸ். கொரியாவின் ஏழு பேர். 2022 ஜூனில் இனிக் கொஞ்ச நாள் தனித்தனியாக வேலை பார்க்கப்போகிறோம் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னார்கள். மறுநாள் அவர்களுடைய நிறுவனத்தின் பங்கு கால்வாசி சரிந்தது. ஒவ்வொருவராகத் தனி ஆல்பம் போட்டார்கள், ஒவ்வொருவராக ராணுவத்துக்குப் போனார்கள், 2025-ல் திரும்புவோம் என்றார்கள், அந்த ஜூனுக்குள் ஏழு பேரும் வேலையை முடித்து வந்துவிட்டார்கள். நம்மூர்ப் பிள்ளை துபாய்க்குப் போவது மாதிரி, போகும்போதே திரும்புகிற தேதி. பொறாமையாக இருந்தது. பழைய வீட்டை ஒருத்தன்கூட ஏசவில்லையே என்றேன். “ஏன் ஏசணும்?” என்றாள். பதில் தெரியவில்லை.

பிறகு அவள் கேட்டாள், “அந்த லியம் என்ன சித்தி பண்ணினாரு?”

ஒரு ராப் பாடகரோடு பாடிய முதல் பாட்டு நன்றாக ஓடியது. ஆல்பம் 2019-ல் வந்தபோது விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். குடிப்பழக்கத்தோடு மல்லுக்கட்டுவதை அவனே பேட்டிகளில் சொன்னான். 2022 ஆஸ்கர் ராத்திரியில் விசித்திரமான ஆங்கில உச்சரிப்பில் அவன் கொடுத்த பேட்டி உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஹாரி கட்சி, லூயி கட்சி என்று பாராமல் நான்கு பேருக்கு ஃபார்வர்டு பண்ணினேன். 2024 அக்டோபர் 16 அன்று புவெனஸ் ஐரிஸில், தங்கியிருந்த ஹோட்டலின் மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து விழுந்து இறந்துபோனான். வயது 31. செத்துப்போயிருந்த வாட்ஸ்அப் குழுவில் மறுநாள் காலை எட்டுப் பேரும் இருந்தோம். கல்யாணத்துக்கு வராதவள்தான் முதலில் எழுதினாள்.

நவம்பர் 20-ல் இங்கிலாந்தில் அடக்கம். ஹாரி, நயல், லூயி, ஸெய்ன், நான்கு பேரும் கறுப்பு உடையில் வந்திருந்தார்கள். ஸெய்ன் போன பிறகு அவர்களை ஒரே இடத்தில் பார்த்தது அன்றுதான். ஒன்பதரை வருடமாக எந்த மேடைக்காக வேண்டிக்கொண்டேனோ, அது கிடைத்தது ஒரு தேவாலய வாசலில். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் சாவு வீட்டில் சேர்வதை நம் தெருவில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன் இருக்கும்போது வந்திருக்கக் கூடாதா?

பீரோவுக்கு இந்தப் பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அம்மா போனில் சொன்னாள். அடித்துக்கொள்ளட்டும். உள்கதவை மட்டும் தொட வேண்டாம் என்று பெயிண்டரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.