நிலைக்கதவும் அஸ்திவாரமும்

வீடு கட்டுகிறவர் தலைவாசல் நிலைக்குத் தேக்கு போடுவதா வேங்கை போடுவதா என்று ஆசாரியோடு நாட்கணக்கில் ஆலோசிப்பதும், கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதன் சித்திர வேலைப்பாட்டைக் காட்டிப் பூரிப்பதும், அந்த நிலை ஊன்றி நிற்கப்போகிற மண்ணைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் ஒரு வார்த்தை விசாரியாதிருப்பதும் நம்மிடையே சர்வ சாதாரணமாக நடக்கும் காரியங்கள். தேக்கிலும் வைரம் பாய்ந்த பாகத்தைத்தான் கறையான் எளிதில் தீண்டாது. ஓரத்து வெள்ளையை அது தாராளமாகவே தின்னும். மரக்கடையிலோ இரண்டையும் சேர்த்தே அளந்து கொடுக்கிறார்கள்!

வெள்ளெறும்பு என்று சிலர் சொன்னபோதிலும் இந்த ஜந்து எறும்பின் இனமன்று. கரப்பான் பூச்சியின் வம்சத்தைச் சேர்ந்தது. நம் பக்கத்துப் புற்றுக் கறையான்கள் அரித்த மரத்தைப் பூமிக்குள் கொண்டுபோய், அதன்மேல் ஒருவகைப் பூஞ்சணத்தைப் பயிர்செய்து உண்கின்றன. மழைக்காலத்தில் நாம் ருசித்துச் சாப்பிடும் புற்றுக்காளான் அந்தப் பயிரின் முளைதான். வெயிலையும் வறண்ட காற்றையும் தாங்காத மெல்லிய சரீரமாதலால், சுவரோரமாக மண்ணால் கூரை வேய்ந்த பாதை ஒன்றைக் கட்டிக்கொண்டே அவை மேலேறுகின்றன. அப்பாதையை விரலால் உடைத்துப் பார்த்தால், வெளுத்த பூச்சிகள் கலைந்தோடுவதையும், சற்றுப் பொறுத்து ஈரமண்ணை வாயில் கொணர்ந்து உடைப்பை அடைப்பதையும் காணலாம். நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் ராணி பூமிக்குள் க்ஷேமமாக இருக்க, நிலையில் மண்ணெண்ணெய் தடவிவிட்டுத் திருப்தியடைவதால் என்ன பிரயோஜனம்?

மழை பெய்த மறுநாள் ஜன்னலடியில் ஈசல் சிறகுகள் குவிந்து கிடந்தாலும், தட்டிப் பார்க்கையில் நிலையின் அடிப்பாகம் பொத்தலாக ஒலித்தாலும் தாமதிக்கலாகாது. ஆயினும் பரிகாரத்தைவிட முன்ஜாக்கிரதையே சிக்கனம் என்பது என் அபிப்பிராயம். கடைக்காலுக்குள் மண் நிரப்பி மட்டம் செய்தபின், தளம் போடுவதற்கு முன்பாக, சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் மருந்துக் கரைசலைத் தெளிக்க வேண்டும் என்று ஐ.எஸ். 6313 என்னும் இந்தியத் தர விதி தெளிவாகச் சொல்கிறது. தளம் போட்டு வீடு எழும்பிய பிறகோ, சுவரோரமெங்கும் ஓரடிக்கு ஒரு துளையிட்டு மருந்தை இறக்க நேரிடும்; செலவும் சிரமமும் அதிகம், பலனோ அத்தனை நிச்சயமில்லை.

விஷத்தைக் கையாளுவது விளையாட்டன்று. ஒரு காலத்தில் இதற்கென்றே பிரசித்தி பெற்றிருந்த ஆல்ட்ரின், மண்ணிலும் பிராணிகளின் உடலிலும் நெடுங்காலம் தங்கிவிடுவதால் பின்னர் தடைசெய்யப்பட்டது. ஆகவே கிணறு அருகிலிருந்தால் அதை முன்னதாகவே தெரிவித்து, பயிற்சி பெற்றவரைக் கொண்டே இவ்வேலையைச் செய்விக்க வேண்டும். செலவே இல்லாத காரியமும் ஒன்று உண்டு. சென்ட்ரிங் பலகைத் துண்டுகளையும் கிழிந்த சாக்குகளையும் கொத்தனார்கள் அஸ்திவார மண்ணோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறார்களே, அது கறையானுக்கு நாமே படைக்கும் விருந்தல்லவா? அவற்றைப் பொறுக்கி வெளியே எறியச் செய்வதும், குழாய்க் கசிவை உடனுக்குடன் அடைப்பதும் வீட்டுக்காரரின் கண்காணிப்பால் மட்டுமே ஆகக்கூடியவை.

வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்கள் இன்றைக்கே தம் கான்டிராக்டரிடம் கறையான் மருந்து மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, இல்லையேல் எழுத்து மூலமாகச் சேர்க்கச் செய்து, மருந்து தெளிக்கும் தினத்தில் தாமே நேரில் போய் நிற்பார்களாக.