தீட்டுக்கு ஒரு திருநாள்

பிப்ரவரி 2-ந் தேதி கத்தோலிக்கக் கோயில்களில் மெழுகுதிரித் திருநாள் நடக்கின்றது. பாதிரியார் திரிகளை மந்திரிக்கிறார். ஜனங்கள் அவற்றைக் கொளுத்திக் கையிலேந்திப் பவனி வருகிறார்கள். குழந்தை ஏசுவை எருசலேம் கோயிலுக்குக் கொண்டுபோனபோது, சிமியோன் என்பவர் அவரை ‘ஒளி’ என்று சொன்னாராம். அதற்காகவே இந்த விளக்கு என்கிறார்கள். வெளிச்சத்தின்மீது நமக்கு விரோதமில்லை. ஆனால் கிறிஸ்துமசிலிருந்து சரியாக 40-வது நாளில் இதை வைத்ததற்குக் காரணம் என்ன என்பதே நமது கேள்வி.

காரணம் பைபிளிலேயே இருக்கின்றது. லேவியராகமம் 12-வது அதிகாரப்படி ஆண்பிள்ளை பெற்றவளுக்கு 40 நாள் தீட்டு. பெண்பிள்ளை பெற்றவளுக்கோ 80 நாள்! நாள் கழிந்ததும் ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் குருவிடம் கொடுத்தாக வேண்டும். ஏழையானால் இரண்டு புறா. அந்தப்படியே மரியாளுக்கும் நடந்ததாக லூக்கா எழுதியிருக்கிறார். பாவமே இல்லாதவள் என்று இவர்கள் கொண்டாடும் தாய்க்கே இந்தக் கதியானால், மற்றத் தாய்மார்களின் கதி என்ன?

“அது யூதர் சட்டம், எங்களுக்கில்லை” என்பார்களானால், 1969-ம் வருஷம் ரோமாபுரியார் தங்கள் திருநாள் பஞ்சாங்கத்தைத் திருத்தும்வரை இதற்கு ‘மரியாளின் சுத்திகரிப்பு’ என்று பெயர் வைத்திருந்தது ஏன்? பெயரை மாற்றினார்கள், 40 நாள் கணக்கை மாற்றினார்களா?

இதைக் கண்டு இந்துத் தோழர்கள் சிரிக்க வேண்டியதில்லை. சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாமென்று சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 28-ந் தேதி தீர்ப்புச் சொன்ன பிறகும் வழிமறித்து நின்றவர்கள் பாதிரிமார்களல்லவே!

ஜெகதாப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்த் தோழர்களை ஒன்று கேட்கிறோம். வீட்டுக்கு விலக்கான பெண் வலையைத் தொட்டால் மீன் படாது, படகைத் தொட்டால் ஆபத்து என்ற பேச்சு கரையோரங்களில் உண்டு. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் புதுக்கோட்டை ஜில்லாவைச் சூறையாடியதே, அது எந்தப் பெண்ணின் தீட்டால் வந்தது? வங்கக் கடலில் உண்டான காற்றழுத்தத் தாழ்வினால் வந்தது. “கடலுக்குப் போகாதே” என்று முன்கூட்டி எச்சரித்தது மந்திரித்த மெழுகுதிரியா, வானிலை ஆராய்ச்சி மையமா?

பிள்ளைப்பேற்றில் அசுத்தம் ஏதுமில்லை. போப்பும் சங்கராச்சாரியும் நாமும் அவ்வழியில் வந்தவர்களேயாவோம். பெற்றவளுக்கு வேண்டியது ஓய்வும், நல்ல ஆகாரமும், வைத்தியமுமேயாகும். 40 நாளென்ன, 80 நாளானாலும் ஓய்வு கொடுங்கள். தீட்டென்று மூலையில் தள்ளாதீர்கள். மெழுகுதிரிக்கும் பரிகாரத்துக்கும் போகும் காசில் அவளுக்குப் பாலும் முட்டையும் வாங்கிக் கொடுங்கள் என்பதே நாம் சொல்வதாகும்.